டர்பனில் ஆடிப்பட்டம் பலிக்காது: வீட்டுத் தோட்டத்தைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு முதலாண்டு வழிகாட்டி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த முதல் ஆண்டு, ஆடி பிறந்ததும் வெண்டை, அவரை, பாகல் எல்லாவற்றையும் பாத்தி கட்டிப் போட்டேன். மூன்று வாரம் கழித்துக் கிளறிப் பார்த்தால் விதைகள் அழுகிக் கிடந்தன. பக்கத்து வீட்டு ஆயா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "இது குளிர்காலம், கண்ணு. மண் இன்னும் தூங்குகிறது. புரட்டாசி வரட்டும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் தோட்டம் தொடங்கியது. 14 ஆண்டுகளாக டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் ஒரு சிறிய சரிவு மனையில் செடி வளர்த்து வருகிறேன். புதிதாக இங்கே குடிவந்தவர்களும், இங்கேயே பிறந்து இப்போதுதான் மண்ணில் கை வைக்கிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. டர்பன், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற கடலோரப் பகுதிகளுக்கு இது அப்படியே பொருந்தும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் உறைபனி விழும். அங்கே இருப்பவர்கள் மென்மையான செடிகளைத் தொட்டியில் வைத்துக் குளிரில் உள்ளே எடுத்துவிடுங்கள்.

முதல் மாதம் மண்வெட்டியைத் தொடாதீர்கள்

ஆசை பொங்கி வரும் என்று தெரியும். ஆனாலும் பொறுங்கள். முதலில் வெயிலைப் படிக்க வேண்டும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. ஊரில் "தெற்கு வெயில் நல்லது" என்று பழகிய கண்ணுக்கு இது பிடிபடச் சில காலம் ஆகும். ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடவானத்தில் சுமார் 37 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. அதனால் வீட்டுக்குத் தெற்கே உள்ள இடம் குளிர்காலம் முழுவதும் நிழலில் கிடக்கும். டிசம்பரில் அதே சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். ஜனவரியில் வெயில் அடிக்கிறதே என்று தெற்குச் சுவரோரம் கத்தரி வைத்தால், ஜூன் மாதம் அது பாசி பிடித்து நிற்கும்.

ஒரு தாளில் வீட்டையும் மனையையும் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி ஆகிய மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று குச்சி நட்டு அடையாளம் செய்து, தாளில் கோடு போடுங்கள். ஒரு வாரம் செய்தால் போதும். ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் இடம் காய்கறிக்கு. மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும் இடம் கீரைக்கும் கொத்தமல்லிக்கும். நிழல் மட்டுமே உள்ள இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கென்றே அருமையான செடிகள் இந்த மண்ணில் உண்டு, கீழே சொல்கிறேன்.

அதே தாளில் இன்னும் சிலவற்றைக் குறியுங்கள். மழை பெய்யும்போது தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது, வடகிழக்குக் காற்றும் தென்மேற்குக் காற்றும் எந்த மூலையில் மோதுகின்றன. மாலையில் தேநீர்க் குவளையோடு நீங்கள் இயல்பாக எங்கே போய் நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். நிற்கத் தோன்றும் இடத்தில் செடி வைத்தால்தான் அதைத் தினமும் பார்ப்பீர்கள்.

இந்த மாதத்தை நான் ஒதுக்கவில்லை. அந்த முதல் அக்டோபரில் ஆள் வைத்துப் புல், புதர் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டிச் சுத்தமாக்கினேன். மனை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. நான்காம் நாள் இடியோடு மழை. சிவப்பு மண் படிகளில் இறங்கி, வாசல் கதவைத் தாண்டி, தெருவோரச் சாக்கடைக்குள் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் மனையில் மிஞ்சியது கூழாங்கல்லும் அடிமண்ணும்தான். அந்த மேல்மண் திரும்பி வர எனக்கு மூன்று ஆண்டு மட்கு உரம் செலவாயிற்று. ஆகவே நடத் தயாராக இருக்கும் இடத்தை மட்டும் திறங்கள். மற்ற இடத்தில் களையே இருந்தாலும் இருக்கட்டும், அது மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

ஒரு ஊறுகாய்ப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, மூடி நன்றாகக் குலுக்கி, ஜன்னல் ஓரத்தில் அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கலாக நின்று மெல்ல இறங்குவது களிமண். டர்பனின் பெரியா குன்றுத் தொடரின் சிவப்பு மணலில் இருப்பவர்களுக்குப் பாட்டிலின் பெரும்பகுதி மணலாக இருக்கும். தண்ணீர் நிற்காது, உரமும் நிற்காது. எங்கள் பக்கம் போலக் களிமண்ணாக இருந்தால், ஒரு அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊற்றியது நான்கு மணி நேரம் ஆகியும் தேங்கி நின்றால், அந்த இடத்தில் பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும்.

இரண்டு மண்ணுக்கும் மருந்து ஒன்றுதான்: மட்கு. காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலை, வெட்டிய புல் எல்லாம் சேர்த்துக் குவியுங்கள். பச்சைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்தது இரண்டு பங்கு என்று கண்ணளவாகப் போட்டால் நாறாது. கோழி எருவை ஒருபோதும் புதிதாகப் போடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும். இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டுப் பிறகு போடுங்கள். வடக்குக் கரையோரம் இருப்பவர்களுக்குக் கரும்புச் சோகை கிடைக்கும். அதைப் போன்ற மூடாக்கு வேறில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்கள் தொடங்கி, எத்தனையோ பேர் இந்த மண்ணில் வெட்டிச் சுமந்தது அந்தக் கரும்பைத்தான். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களில் பலர் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டு, விடியுமுன் தலைச்சுமையாக டர்பன் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். சோகையைப் பாத்தியில் பரப்பும்போதெல்லாம் அவர்கள் நினைவு எனக்கு வரும்.

சரிவு மனைக்காரர்களுக்கு இன்னொரு வேலை. படிக்கட்டுப் போல மண்ணைத் தட்டையாக்கி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெட்டிவேர் நடுங்கள். ஒரு சாண் இடைவெளிகூட வேண்டாம், அரைச் சாணுக்கு ஒரு தூர் போதும், சமமட்டத்தில் ஒரே வரிசையாக. வேர் பக்கவாட்டில் படராமல் நேரே கீழே இறங்குவதால் பாத்திச் செடிகளோடு போட்டி போடாது. ஓராண்டில் அது பச்சைச் சுவராகி, வருகிற மண்ணை அங்கேயே நிறுத்திவிடும். வெட்டிவேரின் இலையை ஆண்டுக்கு இரண்டு முறை அறுத்து அதையே மூடாக்காகப் போடலாம். வேரைத் தண்ணீர்ப் பானையில் போடுவதற்கென்று தோண்டிவிடாதீர்கள், ஓரத் தூர் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சமையலறைக் கதவிலிருந்து தொடங்குங்கள்

முழு மனையையும் ஒரே ஆண்டில் மாற்ற நினைப்பவர்கள் பாதியில் களைத்துப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டுக்கு ஒரே ஒரு மூலை போதும். அது சமையலறைக் கதவிலிருந்து பத்து எட்டுக்குள் இருக்கட்டும். அடுப்பில் எண்ணெய் காயும்போது ஓடிப்போய்க் கறிவேப்பிலை பறித்து வரும் தூரம் அது.

பாத்தியின் அகலம் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் வைத்து மிதிக்கக்கூடாது. நீளம் உங்கள் இடத்தைப் பொறுத்தது. இரண்டு பாத்திக்கு நடுவே உட்கார்ந்து எழ இரண்டு அடி வழி விடுங்கள். புல் இருக்கும் இடமாக இருந்தால் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, ஓரங்கள் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே அரை அடிக்குத் தழையும் மட்கும் போட்டு இரண்டு மூன்று மாதம் விடுங்கள். கிக்குயு புல்லாக இருந்தால் மட்டும் பாத்தியைச் சுற்றி அதன் தண்டுகளை முள்கரண்டியால் கிளறி எடுத்துவிட வேண்டும். ஒரு கணு மிஞ்சினாலும் அட்டைக்கு அடியில் ஓடி மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

இங்கே பட்டம் எப்போது

குளிர் முடிந்து, மண் சூடேறி, மழை தொடங்குவது புரட்டாசி, ஐப்பசியில். டர்பனுக்கு ஆண்டில் கிட்டத்தட்ட 1,000 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்துவிடும். ஊரிலும் ஐப்பசி என்றால் அடைமழைதானே! நாட்காட்டி முழுவதும் தலைகீழாகிப் போன இந்த நாட்டில் அந்த ஒன்று மட்டும் ஒத்துப்போவது எனக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு ஆறுதல்.

ஆகவே வெண்டை, கத்தரி, மிளகாய், பாகல், சுரை, பீர்க்கு, பூசணி, காராமணி, தண்டுக்கீரை, மஞ்சள், இஞ்சி ஆகியவற்றுக்குப் புரட்டாசிப் பட்டம். கத்தரி, மிளகாய் நாற்றை ஆவணியிலேயே சூடான ஜன்னலோரம் தட்டில் போட்டுவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

இரண்டாவது பட்டம் மாசியின் கடைசியிலிருந்து சித்திரை வரை. வெயில் தணியத் தொடங்கும் அந்த நாட்களில் கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி, கேரட், கோசு, பசலை விதையுங்கள். கொத்தமல்லியை டிசம்பரில் விதைத்துவிட்டு, "இலை வருமுன் பூத்துவிடுகிறதே" என்று வருந்துபவர்கள் அதிகம். கோடை வெப்பத்தில் அது அப்படித்தான் செய்யும். தக்காளியும் பலர் எதிர்பார்ப்பதற்கு மாறானது. கடலோரத்தின் கோடைப் புழுக்கத்தில் இலைக்கருகலும் பழ ஈயும் தக்காளியைத் தின்றுவிடும். மாசியில் நாற்று விட்டு, உறைபனி இல்லாத இந்தக் குளிர்காலத்தில் வளர்த்துப் பாருங்கள். ஆடி மாதக் கஞ்சி வார்ப்புக்குச் சட்னி அரைக்க உங்கள் தோட்டத்துத் தக்காளியே இருக்கும்.

கறிவேப்பிலை: இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்

டர்பன் தமிழர் வீட்டுக்கு அடையாளம் வேண்டுமானால் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலை மரம்தான். என் மரம் பக்கத்து வீட்டு ஆயாவின் மரத்துக்குப் பிள்ளை. ஆயாவின் மாமியார் காலத்து மரம் அது. அரசாங்கம் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த காலத்தில், 1960களில், பழைய வீட்டை விட்டு இங்கே குடியேற்றப்பட்டபோது ஒரு பக்கக்கன்றை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்களாம்.

பக்கக்கன்று எடுப்பதற்கு முறை உண்டு. தாய்மரத்தைச் சுற்றி வேரிலிருந்து முளைக்கும் குட்டிகளில் ஒரு முழ உயரம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மழை தொடங்கிய பிறகு, தாய்மரத்துக்கும் கன்றுக்கும் நடுவே கூரான மண்வெட்டியை நேரே இறக்கி இணைப்பு வேரை அறுத்துவிட்டு, கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். உடனே பிடுங்கினால் பத்தில் பாதி செத்துவிடும். மூன்று நான்கு வாரத்தில் அது தன் வேரைத் தானே விட்டுக்கொள்ளும். நுனியில் புதுத்துளிர், செம்பு நிறத்தில், விரல் நகம் அளவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் மண்ணோடு சேர்த்துத் தோண்டி, மேல் இலைகளில் பாதியைக் கிள்ளிவிட்டு, மாலை வேளையில் நடுங்கள். ஒரு வாரம் நிழல் கொடுங்கள்.

விதையில் வளர்ப்பதானால் கறுத்துப் பழுத்த பழத்தின் தோலைப் பிசைந்து கழுவிவிட்டு அன்றே ஊன்ற வேண்டும். காயவைத்த விதை முளைப்பது அரிது.

முதல் இரண்டு ஆண்டு ஆசைக்கு இலை பறிக்காதீர்கள். குளிர்காலத்தில் இலை மஞ்சளாகி உதிரும், கிளை மொட்டையாகும். பயந்துபோய் உரத்தையும் தண்ணீரையும் கொட்டாதீர்கள். அது ஓய்வு. ஆகஸ்டு கடைசியில் நுனிகளை ஒரு சாண் வெட்டிவிட்டு, அடியில் இரண்டு கூடை மட்கு போட்டு, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். புரட்டாசி முதல் மழைக்கு மரம் முழுதும் துளிர்க்கும். அந்த வாசனைக்காகவே நான் அந்த வாரம் முழுவதும் காலையில் கொல்லையில் நிற்பேன். கோடையிலும் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி மஞ்சளாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. பறிக்கும்போது இலையாக உருவாமல் ஈர்க்கோடு ஒடியுங்கள், ஒடித்த இடத்தில் இரண்டு கிளை வரும்.

கூட வைக்க வேண்டிய மற்றவை

முருங்கைக்கு மணிக்கட்டுக் கனத்தில் நாலடிப் போத்து. வெட்டி நான்கைந்து நாள் நிழலில் சாய்த்து வைத்து, வெட்டுக்காயம் உலர்ந்தபின் செப்டம்பரில் நடுங்கள். தண்ணீரை அளவோடு விடுங்கள், அடி அழுகிவிடும். ஒவ்வொரு குளிர்காலக் கடைசியிலும் மார்பு உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். இங்கே அடிக்கும் காற்றுக்கு உயர்ந்த முருங்கை முறிந்து கூரை மேல் விழும்.

வாழைக்கு நம் பாட்டிகள் செய்ததையே செய்யுங்கள்: சமையலறைத் தண்ணீர் போகும் இடம். ஆறு அடி அகலத்தில் இடுப்பளவு குழி தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றி வரப்பாகக் கட்டி, வரப்பில் நான்கு வாழைக்கன்று வையுங்கள். குழிக்குள் கிளை, தழை, அட்டை, காய்கறிக் கழிவு எல்லாம் போகட்டும். அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் அதற்குள் விழட்டும். ஒவ்வொரு தூரிலும் தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை மட்டும் விட்டு மற்றக் கன்றுகளை எடுத்துவிடுங்கள். வரப்பின் ஈரச் சரிவில் சேம்பு நட்டால் அது தானாகவே பெருகும். நம் சேப்பங்கிழங்கை இங்கே மதும்பி என்பார்கள், சூலு மொழியின் அமதும்பே என்ற சொல்லிலிருந்து வந்தது. சூலுப் பாட்டிகளும் தமிழ்ப் பாட்டிகளும் சந்தையில் ஒரே கூடைக்குப் பேரம் பேசும் கிழங்கு அது.

வேலியோரம் டபுள் பீன்ஸ் கொடி ஏற்றுங்கள். பிஞ்சாகப் பறித்துப் பிரியாணியில் போட்டால் எதற்கு வளர்த்தோம் என்பது புரியும்.

பூ இல்லாமல் தோட்டமா

செண்டு மல்லிக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து பூவுக்கு எட்டு முதல் பத்து வாரம். தைப்பூசக் காவடிக்கு வேண்டுமானால் நவம்பர் நடுவில் விதையுங்கள், தீபாவளிக்கு வேண்டுமானால் ஆகஸ்டு கடைசியில் வீட்டுக்குள் தட்டில் போடுங்கள். விதை வாங்கவும் வேண்டாம். கோயில் மாலையில் காய்ந்த ஒரு பூவைப் பிரித்தால் உள்ளே கறுப்பு ஊசி போல, நுனியில் வைக்கோல் நிறத் தூரிகையோடு, நாற்பது ஐம்பது விதை இருக்கும். சில பூ தாயைப் போலவே வராமல் நிறம் மாறி வரும், அதுவும் அழகுதான்.

மல்லிகையை வடக்குச் சுவரோரம் வையுங்கள், குளிர்காலம் முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். துளசி குளிரில் வாடும். விதையை எடுத்து வைத்துப் புரட்டாசியில் மறுபடி போடுங்கள்.

நிழல் மூலை என்று கவலைப்பட்டீர்களே, அங்கே கிளைவியா நடுங்கள். இந்தக் க்வாசூலு-நேட்டால் மாகாணத்துக் காடுகளில் இயல்பாக வளரும் செடி. அடர்ந்த நிழலில், ஆகஸ்டு செப்டம்பரில், ஆரஞ்சு நிறக் கொத்துகளாகப் பூக்கும்போது அந்த மூலையில் விளக்கு ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். கறுப்பும் மஞ்சளுமாக வரியிட்ட புழு இலைக்குருத்தைத் தின்ன வரும், கையால் பொறுக்கிவிட்டால் போதும். வெயில் இடத்துக்குச் சொர்க்கப் பறவைப் பூ. அதுவும் இந்த ஊர்க்காரிதான். தூரைப் பிரித்து நட்டால் சீக்கிரம் பூக்கும், விதையிலிருந்து என்றால் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பெரிய அக்காவான வெள்ளைப்பூக் காட்டு வாழையைச் சுவரோரம் வைக்காதீர்கள், வேர் சுவரைத் தள்ளும்.

உயிர்வேலிக்கு நேட்டால் பிளம் என்ற முட்செடி. நம் களாக்காயின் நெருங்கிய உறவு. அதே முள், அதே வெள்ளைப் பூ, இரவில் அதே மணம். பழுத்துச் சிவந்த பழத்தை மட்டும் உண்ணலாம். நம் டிசம்பர் பூவின் உறவான பார்லேரியாவும் இங்கே உண்டு. இங்கே அது இலையுதிர் காலத்தில், நமக்கு மாசி பங்குனியில், பூக்கிறது. முதல் முறை பார்த்தபோது பெயரில்லாத ஒரு சித்தப்பா மகளைக் கல்யாண வீட்டில் கண்டதுபோல இருந்தது எனக்கு. இப்படிப்பட்ட செடிகளை நேரில் பார்க்க 1849இல் தொடங்கிய டர்பன் தாவரவியல் பூங்காவுக்கு ஒரு காலை போய் வாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்குச் சில்வர்கிளென் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே மூலிகை நாற்றங்காலும் உண்டு.

நடக்கூடாதவை

இதை மனம் வருந்தித்தான் எழுதுகிறேன். அரளி, மஞ்சள் அரளி, தங்கநிறக் கொத்தாகப் பூக்கும் சொர்ணப்பட்டி, உண்ணிச்செடி ஆகியவை இந்த நாட்டின் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் ஆக்கிரமிப்புத் தாவரங்களாகப் பட்டியலில் உள்ளன. அரளியில் விதை பிடிக்காத வகைகளுக்கு விலக்கு உண்டு. வீட்டை விற்கும்போது பட்டியலில் உள்ள செடிகள் மனையில் இருந்தால் வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் அந்த விதிகளில் இருக்கிறது.

வேப்பிலைக்குப் பதிலாக இங்கே தலைமுறைகளாகக் கரகத்திலும் தோரணத்திலும் கட்டும் சிரிங்கா மரமும் பட்டியலில் உண்டு. அம்மனுக்கு உகந்ததை எப்படி வேண்டாம் என்பது என்று பலர் கேட்கிறார்கள். ஏற்கெனவே நிற்கும் மரத்திலிருந்து தழை ஒடித்துக்கொள்ளுங்கள், புதிதாக நடாதீர்கள். பறவைகள் அதன் பழத்தை ஆற்றோரங்களுக்குக் கொண்டுபோய்ப் பரப்புகின்றன. குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அந்தப் பழம் நஞ்சு.

ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் விதையும் கன்றும் கொண்டுவர வேண்டாம். அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவருவது குற்றம். கறிவேப்பிலைக் கன்றில் ஒட்டிவரும் ஆசியச் சிறுபூச்சி ஒன்று எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும். ஒரு கிளை ஆசைக்காக ஒரு நாட்டின் பழத்தோட்டங்களைப் பணயம் வைக்கலாமா?

தண்ணீர்

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரை, 25 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர், ஒரே மாலையில். இங்கே எல்லோரும் ஜோஜோ என்று சொல்லும் பச்சைத் தொட்டி ஒன்றை மழைக்குழாயின் கீழ் வையுங்கள். அடியில் சமமான மேடை கட்டிவிட்டு வையுங்கள், நிறைந்த தொட்டியின் எடை ஆயிரக்கணக்கான கிலோ. வாயை வலையால் மூடுங்கள், கொசு வரும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி வைத்திருந்தவர்களின் தோட்டம்தான் பிழைத்தது. வாளியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது உதவியது.

மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுங்கள். கோடைப் புழுக்கத்தில் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்கும்.

குரங்கு, பறவை, பாம்பு

வெர்வெட் குரங்குகள் விடியற்காலையில் கூட்டமாக வரும். நாம் வருவதற்கு முன்பே இங்கே இருந்தவை. விஷம் வைப்பது சட்டப்படியும் குற்றம், மனச்சாட்சிப்படியும் குற்றம். சோறு போட்டுப் பழக்கவும் கூடாது. வாழைத்தார் விரியும்போதே சாக்கால் மூடிக் கட்டுங்கள். தக்காளி, பப்பாளி, மக்காச்சோளத்துக்கு நிழல்வலையால் கூண்டு. கறிவேப்பிலை, மஞ்சள், இஞ்சி, சேம்பு, பாகல், துளசி ஆகியவற்றை எங்கள் தெருக் குரங்குகள் தொடுவதில்லை. ஆகவே வெளிவரிசையில் இவற்றை வைத்து, உள்ளே மற்றவற்றை வைத்திருக்கிறேன்.

ஹடிடா பறவை நீண்ட அலகால் நாற்றுப் பாத்தியைக் கிளறும், ஆனால் அது தேடுவது புழுவைத்தான். நாற்று வேர்பிடிக்கும் வரை மூன்று வாரம் வலை போட்டால் போதும். நைட் ஆடர் என்ற விரியன் பாம்பு தவளையைத் தேடி ஈரத் தோட்டங்களுக்கு வரும். இருட்டில் விளக்கும் மூடிய காலணியும் இல்லாமல் இறங்காதீர்கள், கல்குவியலைக் கதவருகே வைக்காதீர்கள், பாம்பைக் கண்டால் அடிக்காமல் பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

கேட்டு வாங்குங்கள், கொடுத்து வாங்குங்கள்

என் தோட்டத்தில் கடையில் வாங்கிய செடி மிகக் குறைவு. கோயிலில், பஸ் நிறுத்தத்தில், கல்யாண வீட்டில் நம்மவர்களிடம் "உங்கள் கொல்லையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்து பத்து நிமிடம் பேசுவார்கள், மறுவாரம் ஒரு பொட்டலம் வரும். முன்பும் பின்பும் எடுத்த படங்களைக் காட்டுங்கள், அவர்களும் எடுத்துக் காட்டுவார்கள். பக்கக்கன்று, போத்து, கிழங்கு, விதை எதுவாக இருந்தாலும் பெறும்போதே கொடுத்தவர் வீட்டுச் செடியைப் பற்றி மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி வெயில், எந்த மாதம் பூக்கும், இதற்கு முன் எங்கே செத்தது. மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் அதிகம் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

கொடுக்கும்போது தண்டின் அடியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் வாழைப்பட்டையைக் கட்டுங்கள். அப்படிக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும். பெயரையும் நட வேண்டிய மாதத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிச் செருகுங்கள். சென்ற ஐப்பசியில் தெருமுனையில் புதிதாகக் குடிவந்த ஒரு பெண்ணுக்கு என் மரத்தின் பக்கக்கன்றை இப்படித்தான் கட்டிக் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆயா பார்த்துக்கொண்டே இருந்தார். "வேரை அறுத்து எத்தனை வாரம் விட்டாய்?" என்று கேட்டார். நான்கு என்றேன். "சரி, கொடு" என்றார்.